அழிக்க அஞ்சிய வரிகள்

2025 ஜூன் 30, திங்கள்

ஆடித் தள்ளுபடிக்கு இன்னும் 17 நாள். நாங்கள் பார்த்துக்கொள்ளும் இணையப் புத்தகக் கடையின் பதிப்பகத்திலிருந்து அழைத்தார்கள். வழக்கம்போல முகப்பின் உச்சியில் ஒரு மஞ்சள் பட்டை வேண்டுமாம். சின்ன வேலைதான் என்று கோப்பைத் திறந்தேன்.

பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் மொழியில் ஒரே கோப்பு, 11,400 வரி. 'ஆடி' என்று தேடினால் நான்கு பட்டைகள் வந்து நிற்கின்றன: ஆடி-பட்டை-2019, ஆடி-பட்டை-2021, ஆடி-பட்டை-புதிது, ஆடி-பட்டை-புதிது-2. முதலாவதன் தலையில் ஒரு குறிப்பு: "தற்காலிகம். ஆடி முடிந்ததும் நீக்கவும்." அதற்குப் பின் ஆறு ஆடி முடிந்துவிட்டது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். குறிப்பு மட்டும் இருக்கிறது.

ஏன் யாரும் நீக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பக்கத்தை இயக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் ஒரு செயற்கூறை (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டை) அழித்தால், அதை அழைக்கும் இடம் பிழை காட்டி நின்றுவிடும். சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரியை எடுத்தால் எந்தச் சத்தமும் வராது. எங்கோ ஒரு பக்கத்தில் ஒரு பெட்டி இடம் பெயர்ந்திருக்கும், அதை முதலில் பார்ப்பவர் வாசகராக இருப்பார். அதனால் வருகிறவர் எல்லாரும் பழையதைத் தொடாமல் அடியில் புதிதாகச் சேர்த்துவிட்டுப் போகிறார்கள். நானும் மூன்று வருடமாக அதைத்தான் செய்தேன்.

ஐந்தாவது பட்டையைச் சேர்க்க மனம் வரவில்லை. மேலாளரிடம் இரண்டு வாரம் கேட்டேன். வெளியே எதுவும் மாறக்கூடாது, உள்ளே ஒழுங்கு வேண்டும் என்றேன். சரி என்றார்.

ஜூலை 2, புதன்

'கூடையில் சேர்' பட்டன். பச்சையாக இருக்க வேண்டும் என்று வடிவமைப்பு சொல்கிறது. புத்தகப் பக்கத்தில் பச்சை, தேடல் பக்கத்தில் சற்றே வேறு பச்சை, பரிசுப் பக்கத்தில் நீலம். புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பியை அருகில் உட்கார வைத்து, உலாவியின் ஆய்வுப் பலகையைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம்.

அந்த ஒரு பட்டனின் பின்னணி நிறத்துக்கு ஏழு வரிகள் போட்டி போடுகின்றன. ஆறின் மேல் கோடு விழுந்திருக்கிறது, ஒன்று வெல்கிறது. எது வெல்லும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஐடி (ஒரே ஓர் உறுப்புக்கு வைக்கும் பெயர்) ஒரு தட்டு, கிளாஸ் (பல உறுப்புகளுக்குப் பொதுவான பெயர்) அடுத்த தட்டு, குறிச்சொல்லின் பெயர் கடைசித் தட்டு. மேல் தட்டில் ஒன்று இருந்தால் கீழ்த் தட்டில் எத்தனை இருந்தாலும் எடுபடாது. நூறு கிளாஸை அடுக்கினாலும் ஓர் ஐடியை வெல்ல முடியாது. சமமாக இருந்தால் பின்னால் எழுதியது வெல்லும். யாரோ ஒருவர் பரிசுப் பக்கத்துக்கு ஐடி வைத்து எழுதியிருக்கிறார், அதை வெல்ல முடியாத அடுத்தவர் இம்பார்ட்டன்ட் (மற்ற வரிகளை மீறச் சொல்லும் குறி) போட்டிருக்கிறார், அதை வெல்ல அதற்கடுத்தவர் இரண்டு கிளாஸோடு இன்னொரு இம்பார்ட்டன்ட். கோப்பு முழுக்க எண்ணினேன்: 312 இம்பார்ட்டன்ட்.

"இம்பார்ட்டன்ட் போடுவதே தவறா, அக்கா?" என்று தம்பி கேட்டான். இல்லை. அது 1996இல் வந்த முதல் சிஎஸ்எஸ் தரத்திலேயே இருந்தது. 1998இல் வந்த இரண்டாவது தரம் அதில் ஒரு நல்ல திருத்தம் செய்தது: பக்கத்தை எழுதியவரும் வாசகரும் இருவருமே இம்பார்ட்டன்ட் போட்டிருந்தால் வாசகருடையதே வெல்லும். கண் பார்வை குறைந்த ஒருவர் தன் உலாவியில் பெரிய எழுத்து வேண்டும் என்று வைத்திருந்தால் நம் பக்கம் அதை மீறக்கூடாது. ஹோக்கன் வியூம் லீ 1994 அக்டோபரில் செர்ன் ஆய்வகத்திலிருந்து சிஎஸ்எஸ்ஸை முன்மொழிந்தபோதே, தோற்றத்தைத் தீர்மானிப்பதில் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் பங்கு உண்டு என்பதுதான் அடிப்படை எண்ணம். அப்படி வந்த ஒன்றை நாங்கள் ஒருவர் வரியை ஒருவர் மிதிக்கப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பதிப்பகத்துக்கு அழைத்துக் கடிந்துகொண்டாராம். அவருடைய கைப்பேசியில் ஒரு புத்தக வரிசையின் தலைப்பு இப்படித் தெரிகிறது: "கொங்கு நாட்டுச் சமையல் குறிப்ப…". 'பு' எங்கே போனது, 'குறிப்ப' என்பது எந்த மொழி என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

தலைப்பின் நீளத்தை 30 எழுத்தில் வெட்டும் ஒரு சிறு செயற்கூறு இருக்கிறது. "கொங்கு நாட்டுச் சமையல் குறிப்புகள்" என்பதை நாம் எண்ணினால் 17 எழுத்து, இடைவெளி மூன்றையும் சேர்த்தால் 20. வெட்டவே தேவையில்லை. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுவது நம் எழுத்தை அல்ல, யூனிகோடு அலகுகளை. 'ப்' என்பது அதற்கு இரண்டு: ப ஒன்று, புள்ளி ஒன்று. 'பு' என்பதும் இரண்டு. அதன் கணக்கில் இந்தத் தலைப்பு 34. முப்பதாவது அலகு 'பு'வின் பகரம், அதோடு கத்தி விழுந்துவிட்டது. உகரக் குறி அடுத்த பக்கம் போய்விட்டது.

திருத்துவது எளிது என்று போனால், அதே செயற்கூறு ஐந்து கோப்புகளில் இருக்கிறது. முகப்பில் 30, தேடலில் 28, கூடையில் 25, மற்ற இரண்டில் 40. யாரும் திருடவில்லை, யாரும் சோம்பேறி இல்லை. தேவைப்பட்டபோது இருக்கிறதா என்று தேட ஓர் இடம் இல்லாததால் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒன்று எழுதிக்கொண்டார்கள்.

ஐந்தையும் எடுத்துவிட்டேன். திரையில் தெரியும் தலைப்பை வெட்டுவது சிஎஸ்எஸ்ஸின் வேலை. இரண்டு வரிக்கு மேல் போனால் அதுவே மூன்று புள்ளி வைக்கும், முழுத் தலைப்பும் பக்கத்தில் அப்படியே இருக்கும், திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கும் முழுதாகக் கேட்கும். வாட்ஸ்அப்பில் பகிரும் செய்திக்கு மட்டும் எண்ணி வெட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு உலாவியிலேயே செக்மென்டர் என்று ஒரு வசதி உண்டு. 2024இல் ஃபயர்பாக்ஸும் சேர்த்துக்கொண்டதால் இப்போது எல்லாப் பெரிய உலாவிகளிலும் இருக்கிறது. அது 'பு'வை ஒன்றாக எண்ணுகிறது. ஓடவிட்டுப் பார்த்தேன், 20 என்றது. அதைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியை வீட்டில் சொன்னால் யாருக்கும் புரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இன்று ஒரு தவறு நடந்தது, என் கையால்.

குரோம் உலாவியில் எந்த வரி பயன்படுகிறது, எது பயன்படவில்லை என்று காட்டும் கவரேஜ் பலகை இருக்கிறது. முகப்பைத் திறந்தால் கோப்பின் பெரும்பகுதி சிவப்பு. ஆனால் சிவப்பு என்றால் செத்தது என்று பொருள் அல்ல. சுட்டியை மேலே கொண்டுபோகும்போது மட்டும் வரும் நிறம், பிழைச் செய்தி, திறந்தால் மட்டும் தெரியும் பட்டியல், இவையெல்லாம் அந்த நொடியில் சிவப்புதான். அதனால் ஒவ்வொரு கிளாஸ் பெயரையும் நிரல் முழுக்கத் தேடி, ஓரிடத்திலும் இல்லை என்றால் மட்டும் அழித்தேன். 'நிலை-3' எங்கும் இல்லை. அழித்தேன்.

பிற்பகல் வாடிக்கையாளர் சேவையிலிருந்து கேட்டார்கள்: ரத்தான ஆர்டர்களுக்குச் சிவப்புப் பட்டை தெரியவில்லையே? ஜாவாஸ்கிரிப்டில் 'நிலை-' என்ற சொல்லோடு ஆர்டரின் நிலை எண்ணை ஓடும்போது ஒட்டிப் பெயர் உண்டாக்குகிறார்கள். ரத்து என்றால் 3. முழுப் பெயர் நிரலில் எங்குமே எழுதப்படவில்லை, பிறகு எப்படித் தேடலில் சிக்கும்? பத்து நிமிடத்தில் திருப்பிப் போட்டுவிட்டேன். பிறகு அந்த ஒட்டும் வேலையையே நீக்கி, ஐந்து நிலைகளுக்கும் ஐந்து முழுப் பெயர்களை ஒரு பட்டியலாக எழுதினேன். தேடினால் கிடைக்காத பெயர் இனி இந்த நிரலில் இருக்கக்கூடாது.

ஜூலை 9, புதன்

கண்ணை நம்புவதை நிறுத்தினோம். 26 பக்கங்கள், மூன்று திரை அகலங்கள், 78 படங்கள். பிளேரைட் கருவி தானே எடுத்து, பழைய படத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிடுகிறது. ரத்தான ஆர்டரும் அதில் ஒன்று. மாலைக்குள் 2,100 வரி அழித்தோம். 78 படங்களிலும் ஒரு மாற்றமும் இல்லை.

ஜூலை 14, திங்கள்

மீதி வரிகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் இரண்டு வாரத்தில் எழுதி முடிக்க முடியாது. பழையதும் புதியதும் சில மாதம் ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும்.

இதற்காகவே 2022இல் உலாவிகளுக்கு அடுக்குகள் வந்தன. பழைய கோப்பு முழுவதையும் 'பழையது' என்ற அடுக்குக்குள் போட்டு, அதன் பின் 'புதியது' என்று இன்னொன்றை அறிவித்தால், புதிய அடுக்கின் ஒற்றைக் கிளாஸ் பழைய அடுக்கின் ஐடியையும் வெல்லும். தட்டுக் கணக்கு அடுக்குக்குள் மட்டும்தான். சனிக்கிழமை செய்து பார்த்தேன். புதிய பட்டன் பச்சையாக வர வேண்டும். நீலமாகவே நின்றது. புதிய அடுக்கில் இம்பார்ட்டன்ட் போட்டும் நீலம்.

இரண்டு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. சாதாரண வரிகளில் பின்னால் அறிவித்த அடுக்கு வெல்லும். இம்பார்ட்டன்ட் போட்ட வரிகளில் அந்த வரிசை தலைகீழ்: முதலில் அறிவித்த அடுக்கே வெல்லும். அடித்தள அடுக்கில் ஒருவர் இம்பார்ட்டன்ட் போட்டால், மேலே வருபவர்கள் அதைத் தொடக்கூடாது என்பது பொருள். சரியான விதிதான். ஆனால் நான் செய்தது, அந்த 312 வரிகளையும் வீட்டிலேயே மிக வலுவான இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

ஆக, முதலில் இம்பார்ட்டன்ட்களைக் களைய வேண்டும். இன்று தம்பியும் நானும் பத்துப் பத்தாக எடுத்தோம், ஒவ்வொரு பத்துக்கும் 78 படம் ஒப்பிட்டோம். பெரும்பாலானவை ஒன்றையொன்று அடக்கத்தான் இருந்தன, ஜோடியாக எடுத்தால் எதுவும் அசையவில்லை. கடைசியில் ஒன்பது மிஞ்சின. அவை ஜாவாஸ்கிரிப்ட் நேரடியாகக் குறிச்சொல்லில் எழுதும் நிறங்களோடு சண்டையிடுபவை. ஜாவாஸ்கிரிப்ட் நிறம் எழுதக்கூடாது, கிளாஸை மட்டும் மாற்ற வேண்டும் என்று திருத்தினோம். இரவு எட்டு மணிக்குப் பட்டன் பச்சை.

அடுக்கு தெரியாத பழைய உலாவி அதற்குள் இருக்கும் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடும், பக்கம் வெறும் எழுத்தாக நிற்கும். அந்தப் பயத்தில் அம்மாவின் பழைய கைப்பேசியில் திறந்து பார்த்தேன். சரியாக வருகிறது.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

காலை ஆறு மணிக்குப் பட்டை ஏறியது. ஆறரைக்குத் தம்பி அழைத்தான்: மெனுவைத் திறந்தால் பட்டைக்குப் பின்னால் போகிறது.

"மெனுவின் இசட்-இண்டெக்ஸ் 9999 இருக்கிறது, அக்கா. 99999 ஆக்கிவிடட்டுமா?"

வேண்டாம் என்றேன். இசட்-இண்டெக்ஸ் என்பது எது முன்னால், எது பின்னால் என்று சொல்லும் எண். மெனு, தலைப்பட்டைக்குள் இருக்கிறது. தலைப்பட்டையில் டிரான்ஸ்ஃபார்ம் என்று, பெட்டியை நகர்த்தப் பயன்படும் ஒரு வரி இருக்கிறது. அது இருந்தால் அந்தப் பெட்டி தனி வீடாகிவிடும், உள்ளே இருப்பவரின் எண் அந்த வீட்டுக்குள் மட்டும் செல்லும். தரைத்தள வீட்டுக்குள் எத்தனை உயர ஏணி வைத்தாலும் மாடி வீட்டுக்கு மேலே போக முடியாது. அந்த வரி ஏன் இருக்கிறது என்று நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றைப் பார்த்தோம். 2018இல் தலைப்பட்டை சறுக்கி வரும் ஓர் அசைவு இருந்திருக்கிறது. அசைவை அடுத்த வருடமே எடுத்துவிட்டார்கள், இந்த ஒரு வரியை விட்டுவிட்டார்கள். அழித்தோம். மெனு முன்னால் வந்தது.

இனி இசட்-இண்டெக்ஸ் எண்கள் ஒரே இடத்தில், மாறிகளாக, நான்கே பெயர்களில்: தலைப்பட்டை, பட்டியல், அறிவிப்பு, உரையாடல் பெட்டி. வேறெங்கும் எண் எழுதினால் சிஎஸ்எஸ்ஸைச் சரிபார்க்கும் ஸ்டைல்லின்ட் கருவி அங்கேயே நிறுத்திவிடும்.

ஆடிப் பட்டை தனக்கென்று ஒரு கோப்புறையில் இருக்கிறது: ஒரு டெம்ப்ளேட், ஒரு சிஎஸ்எஸ், ஒரு ஜாவாஸ்கிரிப்ட். அதன் கிளாஸ் பெயர்கள் எல்லாம் 'ஆடிப்பட்டை' என்றே தொடங்குகின்றன. ரஷ்யத் தேடுபொறி நிறுவனமான யாண்டெக்ஸ்காரர்கள் உண்டாக்கிய பெம் பெயரிடும் முறைதான். வெளியிலிருந்து அதைத் தொடுவது முகப்பில் ஒரே ஒரு வரி.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆடி சனிக்கிழமையோடு முடிந்தது. நாட்காட்டியில் நினைவூட்டல் வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. நான் வரும்போதே தம்பி இருக்கையில் இருந்தான். முகப்பில் அந்த ஒரு வரியை எடுத்தான். கோப்புறையை அழித்தான். 'ஆடி' என்று நிரல் முழுக்கத் தேடினான். பூஜ்யம்.

78 படங்களையும் ஜூலை 16இல் எடுத்தவற்றோடு ஒப்பிட்டோம். ஒரு புள்ளி மாறவில்லை. கோப்பு இப்போது 6,900 வரியில் இருக்கிறது. தம்பி அடுத்து பரிசுப் பக்கத்தைத் திறந்திருக்கிறான்.