கார்ப்பெட்டுக்கு அடியில்

டிரைவர் சீட் பக்கம் கார்ப்பெட்டைத் தூக்கினேன். மேலே காய்ந்துதான் இருந்தது. அடியில் ஸ்பாஞ்சை அழுத்தினால் தண்ணி.

தகரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. விரல் பட்டதும் செம்பொடியா உதிருது. மனசு பதறிப்போச்சு. அப்பா ஆசையா வாங்கின வண்டி.

கதவோட அடி விளிம்பில் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியா இறங்குற மழைத்தண்ணி அதில்தான் வெளியேறணும். அடைச்சுக்கிட்டா வண்டிக்குள்ளே வந்துடும். குச்சியை விட்டுக் குத்தினேன். மண்ணும் மக்கின வேப்பிலையும், பின்னாடியே அரை டம்ளர் தண்ணியும்.

திருவான்மியூர் கடல் காத்து வேற. உப்பு சேர்ந்தா துரு இன்னும் வேகமாப் பிடிக்கும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, துரு பிடிக்காம இருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடிச்சாச்சு. ஸ்பாஞ்ச் மொட்டை மாடியில் காயுது.

மழையில் நின்ன வண்டி வச்சிருக்கவங்க, இன்னைக்கே கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்துடுங்க.