விறகுக்கடையில் இருந்து ஒரு கிட்டார்

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஒரு விறகுக்கடை இருக்கிறது. கரிமூட்டத்துக்குப் போகிற சீமைக்கருவேலம் அங்கே ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். போன வருடம் ஆடி மாதத்தில் அப்பாவும் நானும் அந்தக் குவியலோடு அரை நாள் நின்றோம். வேண்டியது ஒரே ஒரு கட்டை. அரை மீட்டர் நீளம், நாலு விரல் அகலம், அதற்குள் முடிச்சும் இருக்கக் கூடாது, வளைவும் இருக்கக் கூடாது. சீமைக்கருவேலத்தில் நேர்க்கட்டை தேடுவது என்ன பாடு என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா ஒவ்வொன்றாகப் புரட்டி, வெட்டுவாயைப் பார்த்து, ஓரமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். என் உள்ளங்கையில் ஏறிய முள் ரெண்டு நாள் வீங்கியே இருந்தது. கடைசியில் தொடைப் பருமனில் ஒரு பழைய தூர்க்கட்டை கிடைத்தது. "எதுக்கு ஓடாவி இது?" என்று கடைக்காரர் கேட்டார். "பிள்ளைக்குக் கிட்டார் செய்ய" என்றார் அப்பா. தராசில் வைத்து விறகு விலைக்கே கொடுத்தார்.

எங்கள் வீடு தங்கச்சிமடத்தில். மாதா கோயில் பாடகர் குழுவில் பன்னிரண்டு வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். அப்பா ஓடாவி, அதாவது மரப் படகு கட்டும் தச்சர். முப்பது வருடத்துக்கு மேல் வத்தையும் வள்ளமும் கட்டியவர். ஃபைபர் படகுகள் வந்த பிறகு புதிதாக மரத்தில் கட்டச் சொல்லி வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். இப்போது அவருக்கு நிறைந்த வேலை என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்த 61 நாள் தடைக்காலம்தான். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, படகின் விலாக்கட்டையான வங்கு மாற்றுவது, பலகை இடுக்கை அடைத்துக் கலப்பத்து அடிப்பது. அது முடிந்ததும் உளிகளைத் தீட்டி எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எலெக்ட்ரிக் கிட்டார் மேல் ஆசை பல வருடமாக இருந்தது. அதை வாங்காமல் செய்யலாம் என்று தோன்றியது அந்தத் திண்ணையைப் பார்த்துத்தான்.

டெலிகாஸ்டர் வடிவத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். 1950-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த கிட்டார் அது, பிறகுதான் அந்தப் பெயர் நிலைத்தது. உள்ளே வெற்றிடம் இல்லாத முழுப்பலகை உடம்பு, நாலு திருகாணியில் நிற்கும் நெக், அதாவது கழுத்து. ஃபெண்டர் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர், அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்று அப்பாவிடம் சொன்னேன். வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "கெட்டா கழட்டி மாத்துற மாதிரி வச்சிருக்கான் பாரு தாயி. பழுது பாத்த கை அது" என்றார். அந்த நிமிடத்தில் இருந்து அது அவர் வேலையும் ஆகிவிட்டது.

உடம்புக்கு நான் முதலில் நினைத்தது ஒரு பழைய வத்தையின் பலகை. ஆணி ஓட்டைகளோடு, வெயிலும் கடலும் தின்ற நிறத்தோடு அவ்வளவு அழகாக இருந்தது. அப்பா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். உப்பு ஏறிய மரம் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதில் பதிக்கிற எந்த இரும்பும் நிலைக்காது. பலகையில் ஆணியைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்த இடங்களை விரலால் தொட்டுக் காட்டினார். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், கம்பி, திருகாணி எல்லாம் அதன்மேல்தான் உட்கார வேண்டும் என்று யோசித்தபோது எனக்கும் புரிந்தது.

சரி, பூவரசு. ஒரு மழையில் எங்கள் கொல்லையில் சாய்ந்த மரத்தை அப்பா பலகையாக அறுத்து, கட்டை கொடுத்து அடுக்கி, நாலு வருடமாகக் கொட்டகையில் வைத்திருந்தார். சிறு வயதில் அந்த மரத்து இலையைச் சுருட்டித்தான் பீப்பி ஊதியிருக்கிறேன். இழைப்புளி போட்டதும் உள்ளே கருஞ்சிவப்பு வைரம். ஒரே பலகையில் அகலம் போதவில்லை, ரெண்டு பலகையை ஒட்டினோம். 45 மில்லிமீட்டர் கனம். வடிவம் வெட்டுவதில் சொல்ல ஒன்றும் இல்லை. படகின் முன்முனையான அணியத்துக்கு வளைவு எடுத்த கைக்கு அது ஒரு நாள் வேலை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எந்த மரத்துக்கு எந்த நாதம் என்று கிட்டார்க்காரர்கள் ஓயாமல் பேசுவார்கள். வீணைக்குப் பலா, நாகசுரத்துக்கு ஆச்சா என்பதில் எனக்கு எதிர்ப்பேச்சு இல்லை, அங்கே மரமும் காற்றும்தான் ஒலி. முழுப்பலகை எலெக்ட்ரிக் கிட்டாரில் காதுக்கு வருவது கம்பியின் அசைவைப் பிக்கப் எடுத்துத் தருவது. அதில் மரத்தின் பங்கு பேசப்படுகிற அளவுக்குப் பெரிதில்லை என்றே நினைக்கிறேன். அசையாமல், முறுக்காமல், ஈரத்துக்கு ஊதாமல் நிற்பதுதான் மரத்தின் வேலை. கடலுக்குப் பக்கத்தில் எந்த மரம் நிற்கும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை.

சீமைக்கருவேலத்துக்குப் போனதும் அதனால்தான். உலகம் முழுக்கக் கிட்டார்களின் ஃபிங்கர்போர்டுக்கு, அதாவது நெக்கின் மேல் விரல் பதியும் பலகைக்கு, நம் ஊர் ஈட்டி மரம் போகிறது. எங்கள் மாவட்டத்தில் ஈட்டி எங்கே? இருப்பது தென் அமெரிக்கப் பக்கத்தில் இருந்து வந்து கண்மாயெல்லாம் பிடித்துக்கொண்ட இந்த மரம். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே அகற்றச் சொன்ன மரம். நிலத்துக்கு அது செய்த கெடுதலை நான் மறுக்கவில்லை. ஆனால் அறுத்துக் காயவைத்தால் இரும்பு மாதிரி இறுகும், சுருக்கமும் மிகக் குறைவு. இதன் இனத்து மரமான மெஸ்கீட்டை டெக்சாஸ் பக்கம் மேசை நாற்காலிக்கும் கிட்டாருக்கும் விரும்பி எடுக்கிறார்கள். தூர்க்கட்டையை அறுத்தபோது மஞ்சள் வெளிமரத்துக்குள் தேன்நிறத்தில் இருந்த வைரம், நாள் ஆக ஆகக் கறுத்துச் சிவந்தது. மூன்று பலகை தேறியது.

முதல் பலகையை நான் பாழாக்கினேன். ஃப்ரெட் என்பது ஸ்வரம் பிரிக்க அந்தப் பலகையில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி. அதன் கணக்கு எளியதுதான். வாசிக்கும் கம்பி அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர். அதை 17.817-ஆல் வகுத்தால் 36.37, அது முதல் ஃப்ரெட். மீதி நீளத்தைத் திரும்ப அதே எண்ணால் வகுத்தால் அடுத்த இடைவெளி 34.33. இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் சரியாக 324-இல், பாதியில் விழ வேண்டும். நான் ஒரு ஃப்ரெட்டில் இருந்து அடுத்த ஃப்ரெட்டுக்கு அளந்து அளந்து கோடு போட்டேன். ஒவ்வொரு கோட்டிலும் பென்சில் முனை அளவுக்குப் பிசகு. பன்னிரண்டாவது 325-ஐயும் தாண்டி நின்றது. பன்னிரண்டு கோட்டையும் அறுத்து முடித்த பிறகுதான் அதைக் கவனித்தேன். அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

அப்பா திட்டவில்லை. "வங்குக்கு வங்கு அளந்தா படகு கோணிக்கும். எல்லா அளவும் ஒரே இடத்துல இருந்து வரணும்" என்றார். நெக்கின் தலைப்பில் கம்பிகள் உட்காரும் நட் இருக்கும் இடத்தில் ஸ்டீல் ஸ்கேலை ஒருமுறை வைத்து இறுக்கிவிட்டால் அதை நகர்த்தாமல் 36.37, 70.70 என்று கூட்டிய அளவிலேயே எல்லாக் கோடும் போட வேண்டும். பென்சில் வேண்டாம், கத்தி முனையால் கீறச் சொன்னார்.

அறுப்பதும் தனிப் பாடு. ஃப்ரெட் கம்பியின் அடிப்பல் உட்காரும் பிளவு ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தச்சு ரம்பம் அகலமாக அறுக்கும். அதற்கென்று விற்கிற ரம்பத்தின் விலையைப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். அப்பா ஹேக்சா பிளேடை எடுத்து, இருபுறமும் பிதுங்கி நிற்கும் பற்களைத் தீட்டுக்கல்லில் சமமாகத் தேய்த்தார். பற்கள் தகட்டின் கனத்துக்கே வந்துவிட்டன. வீணான பலகையில் அறுத்துப் பார்த்தோம், கம்பி சுத்தியலின் மெல்லிய தட்டில் இறங்கி இறுகியது. ஃப்ரெட் கம்பி நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். இரும்பு இல்லாததால் எங்கள் காற்றில் துருப்பிடிக்காது.

நெக் காரைக்குடியில் பழைய மரக்கடையில் வாங்கிய தேக்கு, ஏதோ ஒரு வீட்டு நிலைச்சட்டம். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டுவதற்கு முன் தின்னர் போட்டுத் துடைக்க வேண்டும். ஆறு கம்பியும் சுருதிக்கு வந்தால் மொத்த இழுவை 45 கிலோவுக்கு மேல். அதைத் தாங்க நெக்கின் நடுவில் காடி எடுத்து ட்ரஸ் ராடு என்கிற இரும்புக்கோலை வைத்து, மேலே சீமைக்கருவேலப் பலகையை ஒட்டினோம். நெக் உடம்பில் உட்காரும் குழியை அப்பா உளியால் மட்டுமே எடுத்தார். திருகாணி போடாமலே நெக்கைப் பிடித்துக் கிட்டாரைத் தூக்க முடிந்தது. இடுக்கில் ஒரு காகிதம் நுழையவில்லை.

பிக்கப்பை நானே சுற்றினேன். ஆறு காந்தத் துண்டுகள், அவற்றைச் சுற்றி எண்ணாயிரம் சுற்றுக்குக் கிட்டத்தட்ட செம்புக் கம்பி. காந்தத்துக்கு மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறும், அந்த மாற்றத்தால் சுருளில் மின்சாரம் எழும். 1831-இல் ஃபாரடே கண்ட அதே விதிதான். கம்பி 46 கேஜ், தலைமுடியை விட மெல்லியது, மதுரையில் இருந்து வரவழைத்தேன். ராமநாதபுரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற ஒரு அண்ணன், சுற்று எண்ணும் தன் கைமெஷினை சனிக்கிழமை சாயங்காலங்களில் தந்தார். முதல் தடவை மூவாயிரத்தில் அறுந்தது. அடுத்தது ஐயாயிரத்தைத் தாண்டி அறுந்தது. "கம்பியை இழுக்காதம்மா, விரலுக்கு நடுவுல வழிய விடு" என்றார். மூன்றாவது சுருள் 7,800-இல் முடிந்தது. மல்டிமீட்டரில் 6.3 கிலோ ஓம் காட்டியதும் அண்ணன் என்னை விடச் சத்தமாகச் சிரித்தார்.

பாலிஷில் அவசரப்பட்டேன். ஐப்பசியில், மழை விட்ட ஒரு மத்தியானம், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் தேய்த்தேன். கால்மணி நேரத்தில் பூவரசின் மேல் வெள்ளையாகப் புகை படர்ந்தது. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் இறங்கிவிடுகிறது. முழுக்கத் தேய்த்து எடுத்தோம். தை பிறந்து வெயில் ஏறிய பிறகுதான் மறுபடி தொட்டேன். நாளைக்கு ரெண்டு பூச்சாகப் பத்து நாள்.

மாசியில் கம்பி மாட்டினேன். குழிகளுக்குள் செம்புத் தகடு ஒட்டி, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு எர்த் ஒயர் கொடுத்தும், ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் லேசான 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இருந்தது. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் அது இருக்கும். கம்பியில் கை வைத்ததும் அடங்கியது. பிறகு ஒரே ஒரு ஈ மைனர் கார்டு. அந்த ஒலியை எப்படிச் சொல்வது? தொடக்கத்தில் கறாராக, அடுத்து நீளமாக, குறையவே மனமில்லாத மாதிரி நின்றது. அம்மா அடுப்படியில் இருந்து வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டார். நான் வாசித்துக்கொண்டே இருந்தேன்.

4 கிலோ 300 கிராம் கனம். தோளில் அரை மணி நேரத்துக்கு மேல் மாட்ட முடியவில்லை. அடுத்ததில் உடம்பின் பின்பக்கத்தைக் குடைய வேண்டும். கம்பிகள் இந்த உப்புக்காற்றில் ரெண்டு வாரம் தாங்குவதே பெரிது, வாசித்ததும் காய்ந்த துணியால் துடைத்துப் பையில் போட்டுவிடுகிறேன்.

அன்றைக்கு இரவு எல்லாரும் படுத்த பிறகு அப்பா கிட்டாரை மடியில் வைத்திருந்தார். கம்பியைத் தொடவில்லை. நெக்கின் பின்பக்கத்தில் உள்ளங்கையை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். கை மூன்றாவது ஃப்ரெட்டுக்குப் பின்னால் ஒரு இடத்தில் நின்றது, திரும்ப வந்தது, மறுபடியும் அங்கேயே நின்றது.

"இந்த இடம் இன்னும் ஒரு இழைப்பு கேக்குது தாயி."

நானும் தொட்டுப் பார்த்தேன். என் கைக்கு எதுவும் தெரியவில்லை. மறுநாள் காலையில் ஆறு கம்பியையும் கழற்றினேன். அதற்குள் அவர் சாக்கை விரித்து இழைப்புளியைத் தீட்டத் தொடங்கியிருந்தார்.