அண்ணன் பதிந்த டொமைனைத் திரும்ப வாங்கிய அனுபவம்

2022 நவம்பரில் அண்ணன் காலமானார். கூடப் பிறந்தவர் இல்லை, தருமபுரிப் பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நடுகல் தேடிக் கிளம்பும் எங்கள் ஐந்து பேருக்கும் அவர்தான் அண்ணன். 2011இல் ஒரு டாட் காம் பெயரை, அதாவது டொமைன் எனப்படும் தள முகவரியைப் பதிந்து, பார்த்த கற்களின் படங்களையும் இடக்குறிப்புகளையும் அதில் ஏற்றத் தொடங்கினார். கல்லின் ஓரமாக ஒரு மர அடிக்கோலைச் சாத்தி வைத்துவிட்டுத்தான் படம் எடுப்பார், உயரம் தெரிய வேண்டும் என்பதற்காக. அந்தக் கற்களில் சில இன்று இருந்த இடத்தில் இல்லை. ஆய்வு மாணவர்கள் தங்கள் அடிக்குறிப்புகளில் எங்கள் தள முகவரியைக் கொடுத்திருக்கிறார்கள். டொமைன் கை மாறினால் அத்தனை லிங்க்கும் வேறு எங்கோ போய் நிற்கும்.

ஹோஸ்டிங், அதாவது தளத்தின் கோப்புகள் இருக்கும் சர்வர் இடம், என் கணக்கில் இருந்ததால் படங்களுக்கு ஆபத்தில்லை. டொமைன் மட்டும் அவர் கணக்கில். கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. ஓடிபி வரும் எண்ணையும் அண்ணி டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார். 2023 பிப்ரவரி 3 காலாவதி நாள்.

முதலில் நேர்வழியில்தான் முயன்றோம். அண்ணன் டொமைனைப் பதிந்திருந்த பதிவு நிறுவனம் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்டது. அனுப்பினோம். பெயர் பொருந்தவில்லை என்று பதில் வந்தது. 2011இல் படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாமல் அண்ணன் தன் அப்பா பெயரை முழுதாக எழுதியிருக்கிறார். சான்றிதழிலோ வெறும் இனிஷியல். நமக்கு இரண்டும் ஒரே ஆள்தான் என்று பார்த்தவுடன் தெரியும், அவர்களுக்குத் தெரியவில்லை. இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினோம். அதற்கும் பதில் இழுத்துக்கொண்டே போனது.

இதற்கிடையில் நான் ஒரு தப்புக் கணக்குப் போட்டேன். பிப்ரவரி நடுவில், டொமைனின் பதிவு விவரங்களைக் காட்டும் ஹூயிஸில் தேடிப் பார்த்தபோது காலாவதி தேதி 2024 பிப்ரவரி 3 என்று காட்டியது. புதுப்பித்துவிட்டார்கள் என்று நினைத்து அண்ணிக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டேன். இரண்டு நாளில் தளம் இருந்த இடத்தில் விளம்பரப் பக்கம் ஒன்று வந்து நின்றது. டாட் காம் பெயர்களின் மையப் பதிவேட்டை நடத்துவது வெரிசைன். காலாவதியான பெயருக்கு அங்கே தானாகவே ஓராண்டு கூட்டிக் காட்டும். பதிவு நிறுவனம் 45 நாளுக்குள் அந்தப் பெயரை நீக்கினால் கூட்டிய ஆண்டு ரத்தாகிவிடும். ஆகவே தேதியை மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது, பக்கத்தில் இருக்கும் நிலைக்குறியைப் படிக்க வேண்டும். எங்கள் பெயருக்கு நேரே 'ஆட்டோ ரினியூ பீரியட்' என்று இருந்தது, அதாவது அது தானாகக் கூட்டிய ஆண்டுதான். அண்ணிக்கு மறுபடியும் போன் போட்டு, கிடைக்கவில்லை என்று சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

மார்ச் 15 அன்று நிலை 'ரிடெம்ப்ஷன் பீரியட்' என்று மாறியது. இது 30 நாள். பழைய உரிமையாளர் கூடுதல் கட்டணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம், ஆனால் அதே பதிவு நிறுவனம் வழியாகத்தான். எங்கள் காகிதம் அங்கேயே கிடந்தது. ஏப்ரல் 14 அன்று 'பென்டிங் டிலீட்' வந்தது. அதற்குப் பிறகு ஐந்து நாள், யாராலும் எதுவும் செய்ய முடியாது. அது முடிந்ததும் பெயர் பொதுவில் விழும், முதலில் பிடிப்பவருக்குச் சொந்தம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். காலாவதியாகும் எல்லாப் பெயரும் இப்படிக் கீழே விழுவதில்லை. பெரிய பதிவு நிறுவனங்கள் பல, ரிடெம்ப்ஷனுக்கு முன்பே ஏலத்தில் விட்டு வென்றவருக்கு நேரடியாக மாற்றிக் கொடுத்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் பதிந்த பெயருக்காக எங்களைப் போல 75 நாள் காத்திருந்தால் ஏமாற்றம்தான். எந்த நிறுவனத்தில் பதிந்திருக்கிறது என்று பார்த்து, அவர்களுக்கு ஏலத் தளம் உண்டா என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். எங்களுடையது சிறிய நிறுவனம், ஏலம் எதுவும் நடக்கவில்லை.

விழும் நொடியில் நாமே போய்ப் பதிந்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். முடியாது. விழும் பெயரை நமக்காகப் பிடித்துக் கொடுக்கும் பேக்ஆர்டர் நிறுவனங்கள் தானியங்கி நிரல்களை வைத்து ஒரு நொடிக்குள் பலமுறை வெரிசைனிடம் கேட்கின்றன. டொமைன் பெயர்களுக்கான உலக அமைப்பான ஐகானின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பதிவு நிறுவனத்துக்கும் இத்தனை இணைப்புகள்தான் என்று வரம்பு இருக்கிறது. அதனால் டிராப்கேட்ச் போன்றவர்கள் நூற்றுக்கணக்கில் அங்கீகாரம் வாங்கி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 4,000 டாலர் ஐகானுக்குக் கட்டி. வீட்டு பிராட்பேண்டில் உட்கார்ந்து அவர்களோடு போட்டி போட முடியுமா?

மூன்று இடங்களில் ஆர்டர் போட்டேன். பிடித்துக் கொடுத்தால்தான் காசு, இல்லையென்றால் இல்லை. ஒரு பெயரை ஒருவர்தான் பிடிக்க முடியும் என்பதால் மூன்று இடத்தில் போடுவதால் மூன்று செலவு ஆகாது. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் முன்கூட்டியே திறந்து வைத்தேன். அந்த அவசரத்தில் இதற்காகத் தடுமாறக் கூடாது.

அமெரிக்கக் கிழக்கு நேரம் பிற்பகல் 2 மணிக்குப் பெயர்கள் விழத் தொடங்கும். ஏப்ரலில் நமக்கு அது இரவு 11.30. ஏப்ரல் 19 அன்று ஐந்து பேரும் வாட்ஸ்அப் அழைப்பில் இருந்தோம். யாரும் அதிகம் பேசவில்லை. 11.40 தாண்டி மெயில் வந்தது. மூன்றில் ஒரு நிறுவனம் பிடித்துவிட்டது. அடுத்த வரியைப் படித்ததும்தான் கலங்கிப் போனேன். அதே பெயருக்கு இன்னும் இரண்டு பேர் ஆர்டர் போட்டிருக்கிறார்கள், எனவே மூன்று நாள் ஏலம்.

நடுகல் தளத்தை வேறு யார் கேட்பார்கள்? கேட்பவர்களுக்குக் கல் முக்கியமில்லை. பழைய தளத்துக்கு வெளியிலிருந்து வரும் லிங்க்குகளைத் தேடுபொறிகள் மதிக்கும். அந்த மதிப்புக்காக வாங்கிச் சூதாட்டப் பக்கம் போடுகிறவர்கள் நிறைய. ஆய்வேட்டின் அடிக்குறிப்பைச் சொடுக்கும் ஒரு மாணவி அங்கே போய் இறங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஐந்து பேரும் சேர்ந்து 25 ஆயிரம் ரூபாய், சுமார் 300 டாலர் வரை போகலாம் என்று முடிவு செய்தோம். முதல் இரண்டு நாள் கையை வைக்கவில்லை. ஆரம்பத்திலேயே விலையை ஏற்றினால் இந்தப் பெயரில் ஏதோ இருக்கிறது என்று மற்றவர்களுக்கு நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும். கடைசி நாளில் எங்கள் உச்சத் தொகையை ஒரேயடியாகப் பதிந்தோம். எதிராளி கேட்கக் கேட்க அதைவிட ஒரு படி மட்டும் மேலே அந்தத் தளமே நமக்காகக் கேட்டுக்கொள்ளும். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரமும் நீளும். மூன்று முறை நீண்டது. 165 டாலரில் எதிராளி நின்றுவிட்டார். பதிமூன்றரை ஆயிரம் ரூபாய்.

மறுநாள், பெயரைச் சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸைப் பழைய ஹோஸ்டிங்குக்குத் திருப்பினேன். வேறு நிறுவனத்துக்கு மாற்ற 60 நாள் காத்திருக்க வேண்டும், அது பரவாயில்லை. குழுவுக்கென்று ஒரு மெயில் முகவரி திறந்து, மூன்று பேர் கையில் சாவி இருக்கும்படி வைத்தோம். 'கடைசிப் பெயர்' கட்டத்தில், வங்கிக் கணக்கில் உள்ளது உள்ளபடி, என் இனிஷியலை மட்டும் போட்டேன்.

பதிவேட்டில் இப்போது தொடங்கிய நாள் 2023 ஏப்ரல் 19 என்று இருக்கிறது. 2011 அழிந்துவிட்டது, அதை மீட்க வழியில்லை. தளத்தின் அடியில் அண்ணன் பெயரையும் அந்த ஆண்டையும் எழுதி வைத்தோம். அண்ணி அன்று மாலை போனில் திறந்து பார்த்துவிட்டு, அந்த அடிக்கோல் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் தம்பி என்றார்.