ரிப்போர்ட் தராத ஸ்கேனுக்கு மூன்று நடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆராய்ச்சிக்காக எடுக்கிற மூளை ஸ்கேனில் உங்கள் வீட்டு ஆளுக்கு இருப்பது மனச்சிதைவா (ஸ்கிசோஃப்ரினியா) பைபோலாரா (மனநிலை சில காலம் அளவுமீறிப் பொங்கியும் சில காலம் சோர்ந்தும் போகிற நோய்) என்று தெரியவராது. இதை யாராவது முதல் நாளே என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் மூன்று நாள் சம்பளம் மிஞ்சியிருக்கும். சொல்லித்தான் இருக்கிறார்கள், ஒப்புதல் படிவத்தின் நான்காம் பக்கத்தில். நான் இரண்டாம் பக்கத்திலிருந்தே கையெழுத்துக்குத் தாவிவிட்டேன்.

தம்பிக்கு 2016இல் முதல் தடவை வந்தபோது பார்த்த டாக்டர் பைபோலார் என்றார். 2021இல் மறுபடி வந்தது, வேறு ஆஸ்பத்திரி, அங்கே மனச்சிதைவு என்று எழுதினார்கள். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி, "தலையை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடப் போகுது, ஏன் இன்னும் எடுக்கல?" போன வருஷம் ஓபியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு இளம் டாக்டர் வந்து, இந்த இரண்டு நோயிலும் மூளையின் பகுதிகளுக்கு நடுவே தொடர்பு எப்படி மாறுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறோம், எம்ஆர்ஐக்குக் காசு கிடையாது, தம்பிக்குச் சம்மதமா என்று கேட்டார். சித்தப்பா வாயை அடைக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது என்று, அவனைக் கேட்காமலேயே நான் தலையை ஆட்டிவிட்டேன். (அது தப்பு. அப்புறம் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.)

படிவத்தை என்னைவிட ஒழுங்காகப் படித்தது அவன்தான். "என் மூளைப் படத்தை யார் யாருக்குக் காட்டுவீங்க?" என்று கேட்டான். பெயரை எடுத்துவிடுவோம், மற்ற ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுக்கும்போது முகம் தெரிகிற பகுதியையும் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவோம் என்றார் டாக்டர். "மூஞ்சி இல்லாத போட்டோவா, சரி" என்று கையெழுத்துப் போட்டான். துணைக்கு நானும் 'நோயில்லாத ஆள்' கணக்கில் படுத்துக்கொள்கிறேன் என்றேன். கூடப் பிறந்தவர்களை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாதாம். நோயே வராத அண்ணன் தம்பி அக்கா தங்கைகளின் மூளையிலும் அந்த வித்தியாசத்தின் சாயல் லேசாகத் தெரிகிறதாம். அதைக் கேட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

முதல் நடை காகிதத்தால் வீணானது. நோய் எப்போது ஆரம்பித்தது என்பதற்கு 2016 டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும், அதைப் பார்க்காமல் ஸ்கேன் நேரம் ஒதுக்க மாட்டோம் என்றார்கள். எங்களிடம் இல்லை, வீடு மாறியபோது போயிற்று. பழைய ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். அங்கே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ஐபி நம்பர்" (உள்நோயாளியாகச் சேர்த்தபோது கொடுத்த எண்) என்றார். இல்லை என்றேன். "நம்பர் இல்லாம எங்கே தேடறது, பழசெல்லாம் எலி தின்னிருக்கும், நாளைக்கு வாங்க." பேரும் தேதியும் சொல்கிறேன் என்றதற்கு, பேஷண்ட் வராமல் கொடுக்க முடியாது என்றார். எது காரணம் என்று அவருக்கே தெரியவில்லை.

இங்கே ஒரு விஷயம், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 25, சிகிச்சை எடுத்தவருக்குத் தன் மருத்துவப் பதிவைக் கேட்டு வாங்கும் உரிமை உண்டு. உரிமை அவருடையது, நம்முடையது இல்லை, அதனால் கடிதத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். தம்பி தன் கையாலேயே எழுதினான், பிரிவு எண்ணை அடிக்கோடிட்டு. ஐபி நம்பரும் கிடைத்தது, அம்மா சமையல் கேஸ் புக்குக்குள் மடித்து வைத்திருந்த பழைய சீட்டின் பின்பக்கத்தில். இரண்டும் கையில் இருந்ததும் எலி தின்ற கட்டு நாற்பது நிமிஷத்தில் வந்துவிட்டது. ஓரத்தில் ஒரு கடிகூட இல்லை.

இரண்டாம் நடையில் குற்றவாளி மாத்திரை. காலை 8 மணிக்கு ஸ்கேன். அவன் ராத்திரி போடுகிற ஓலன்சபின் காலை பத்து வரைக்கும் ஆளை அமுக்கிப் போட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும், நேரம் குறிக்கும்போது வாயைத் திறந்து சொல்லவில்லை. இந்த ஸ்கேனில் வேலை எதுவும் கொடுப்பதில்லை, கண்ணைத் திறந்து ஒரு கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருக்க வேண்டும், தூங்க மட்டும் கூடாது. தூங்கினால் மூளைப் பகுதிகளின் தொடர்பே வேறு மாதிரி ஆகிவிடும். இரண்டாவது நிமிஷத்திலேயே குறட்டை, மைக்கில் கேட்டது. டெக்னீஷியன் சிரித்துவிட்டார், டாக்டர் சிரிக்கவில்லை. வேறு நாள் வாருங்கள் என்றார். நேரம் குறிக்கும்போதே மதியமாகக் கேளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றாம் நடை, மதியம் 2 மணி. சாவி, பெல்ட், மோதிரம் எல்லாம் கழற்றியாயிற்று. இடது புஜத்தில் தாயத்து. ஏர்வாடியில் அம்மா வாங்கிக் கட்டியது, உள்ளே தகடு இருக்கிறது. காந்தத்துக்குள் உலோகம் எதுவும் வரக்கூடாது என்கிறார் டெக்னீஷியன், கழற்ற மாட்டேன் என்கிறான் இவன். கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "அக்கா கையில கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கச் சொல்லுடா, உனக்குத்தான் சேரும்" என்றார். முடிச்சு அவிழவில்லை, கத்தரிக்கோல் கேட்டால் அதுவும் உலோகம், வெளியே கூட்டிப்போய்த்தான் அறுத்தோம். நான் கட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன்.

தலையை அரை மில்லிமீட்டர் அசைத்தாலும் கணக்கு கெட்டுவிடும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். நோயாளிகள் கொஞ்சம் கூடுதலாக அசைவதுண்டாம், அதைக் கவனிக்காமல் விட்டால் அசைவையே நோயின் வித்தியாசம் என்று எழுதிவிட நேருமாம். அவன் அசையவில்லை. வெளியே வந்ததும் சொன்னான், "டக்கு டக்குன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சுக்கா. திட்டற மாதிரி எல்லாம் கேக்கல. மிஷின்தான்னு எனக்கே தெரிஞ்சுது." 2021இல் மின்விசிறிச் சத்தத்திலேயே திட்டு கேட்டவன்.

ரிப்போர்ட் எப்போது கிடைக்கும் என்று நான் கேட்டதும் அந்த டாக்டர் முகம் மாறிவிட்டது. நான்காம் பக்கம். கட்டி கிட்டி ஏதாவது தற்செயலாகத் தெரிந்தால் சொல்வோம், மற்றபடி தனி ஆளுக்கு ரிப்போர்ட் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் உட்காரவைத்துச் சொன்னார், அதற்காக அவரை மன்னித்துவிட்டேன். பக்கத்துப் பக்கத்து அறையில் தவிலும் நாயனமும் வாசிக்கிறார்கள், இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் அவர்களுக்குள் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று வெளியே நிற்கிறவர் ஊகிப்பார் இல்லையா, மூளையில் ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்து இவர்கள் செய்வதும் அந்த ஊகம்தான். மனச்சிதைவில் தாலமஸ் என்ற நடுப்பகுதிக்கும் மூளையின் முன்பகுதிக்கும் உள்ள தொடர்பு தளர்ந்திருக்கிறது, புலன், அசைவு சம்பந்தப்பட்ட பகுதிகளோடு தொடர்பு கூடியிருக்கிறது. சரி, பைபோலாரில்? அதே திசைதான், அளவு குறைவு. அப்புறம் எப்படிப் பிரிப்பது?

பிரிக்க முடியாது என்பதுதான் பதில். மூளையின் நரம்பு இழைகளைப் பார்க்கும் எனிக்மா என்ற பன்னாட்டு ஆய்வில் மனச்சிதைவுள்ள 1,963 பேரையும் இல்லாத 2,359 பேரையும் ஒப்பிட்டார்கள், 2018இல் வந்தது. அடுத்த வருஷம் பைபோலாரில் 1,482 பேர். இரண்டிலும் சராசரியில் வித்தியாசம் இருக்கிறது. "ரெண்டு ஸ்கூலோட பிளஸ் டூ சராசரி வேற வேறயா இருக்கலாம். ஒரு மார்க் ஷீட்டை மட்டும் காட்டி இது எந்த ஸ்கூல் பையன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்றார்.

விஷயம் இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன். அடுத்த ஓபியில் எங்கள் பெரிய டாக்டர் கேட்டாரே என்று அந்த 2016 சம்மரியின் ஜெராக்ஸைக் கொடுத்தேன். பத்து நாள் தூக்கமே இல்லை, கடன் வாங்கி மூன்று செல்போன், ஊருக்கே அன்னதானம் என்று பத்திரிகை அடித்தது, எல்லாம் அதில் இருந்தது. அவர் இரண்டு தடவை படித்தார். "குரல் கேட்டதெல்லாம் இந்தப் பத்து நாள்ல மட்டும்தானா? 2021லயும் அதுக்கு முன்னாடி தூங்காம இருந்தானா?" ஆமாம். இரண்டு தடவையும் அப்படித்தான். நடுவில் சரியாக இருந்த வருஷங்களில் கேட்டதே இல்லை. இதை இதுவரை யாரும் இந்த வரிசையில் எங்களிடம் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. மனம் பொங்கிய நாட்களில் மட்டும்தான் குரல் என்பதால் பைபோலார் என்று திருத்தி எழுதி, சிறுநீரகமும் தைராய்டும் சோதித்துவிட்டு அதற்கான லித்தியம் மாத்திரையை ஆரம்பித்தார்.

சித்தப்பாவிடம் ஸ்கேனில் தெரிந்துவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறோம். ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்க ராத்திரி 9 மணி மாத்திரைக்குச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் கொடுக்க வேண்டும், லேபில் ஏழு மணிக்கே ஊசியோடு நிற்பார்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டு முன்னதாகக் கொடுத்துவிடாதீர்கள். போன மாதம் 0.7 வந்தது, இருக்க வேண்டிய அளவுதான். ஆராய்ச்சிக்காரர்கள் தருவதாகச் சொன்ன ஆட்டோ காசு 300 ரூபாய் மட்டும் இன்னும் வரவில்லை, ரசீது கேட்கிறார்கள், எந்த ஆட்டோக்காரர் ரசீது கொடுத்திருக்கிறார் சொல்லுங்கள்.