அரைப்பேரும் 1840ஆம் ஆண்டுச் சட்டமும்

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார் என்பது நமது கல்லூரி மாணவர் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தத் தேயிலையில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள் வகுப்பில் பலர் இருந்தோம். எங்கள் பெற்றோர் எந்தச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள் என்று கேட்டிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டோம். அதை நான் அறிந்துகொண்ட இடம், கண்டியிலுள்ள சத்தியோதயம் என்ற சமூக நிலையத்தில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள். நமது பழைய மாணவர் சங்க மலரில் விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் விடுதி வாழ்க்கையைப் பற்றியும் நிறைய வந்துவிட்டது. அந்தக் கூட்டங்களைப் பற்றி யாராவது எழுதியே ஆக வேண்டும்.

சத்தியோதயத்தை 1972இல் தொடங்கியவர் இயேசு சபைத் துறவியான அருட்தந்தை போல் கஸ்பர்ஸ். சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் ஒரே கூரையின் கீழ் தங்கி வேலை செய்த வீடு அது. தோட்ட மக்களின் உரிமையும் கண்டிக் கிராமங்களின் வறுமையும் ஒரே பிரச்சினையின் இரண்டு பக்கங்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. எண்பதுகளின் தொடக்கத்தில், உயர்தர வகுப்பில் இருந்த எங்களில் சிலரை ஓர் ஆசிரியர் அங்கே அழைத்துப் போனார். மதம் மாற்றிவிடுவார்களோ என்று என் அப்பாயி மிகவும் பயந்தார். நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினார். அந்தத் திருநீற்றோடுதான் ஒவ்வொரு முறையும் போனேன், வந்தேன். என்ன சாமி கும்பிடுகிறாய் என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

முதல் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதியிருந்தவை எண்கள்தாம். எங்கள் பெற்றோரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். இந்திய வம்சாவளியினர் 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு அரசுகளும் கையெழுத்திட்டன. அந்த மீதியையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பக்கத்துக் காம்பராக்காரர்கள் தட்டுமுட்டுச் சாமானை மூட்டை கட்டி, இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னார் கோச்சியில் ஏறியபோது, ஸ்டேஷனில் கூடி நின்று எல்லோரும் கதறி அழுததைச் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். ஏன் போகிறார்கள் என்று கேட்டதற்கு, "பாஸ்போர்ட் வந்திருச்சு" என்பது மட்டுமே பதில். கரும்பலகையைப் பார்த்தபோதுதான் அந்த அழுகைக்குக் காரணம் விளங்கியது. எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை பேரில் ஒருவரிடமாவது நீ எங்கே வாழ விரும்புகிறாய் என்று கேட்டுவிட்டா எண்ணிக்கையைத் தீர்மானித்தார்கள்?

படித்தவர்கள் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள் என்ற வழக்கம் அங்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் கூட்டம் வைத்ததே தொழிலாளர்களுக்குப் பேர், அதாவது ஒரு நாள் கூலி, போகக் கூடாது என்பதற்காகத்தான். பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுத்தார்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருநாள் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் தம்முடைய சம்பளச் சீட்டைக் கொண்டுவந்திருந்தார். தமக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்லி அதை என்னிடம் நீட்டி, "தம்பி, சத்தமா வாசிங்க" என்றார். வேலை செய்த நாட்கள் ஒரு பக்கம் இருந்தன. குறிப்பிட்ட இறாத்தல் கொழுந்து வராத நாட்களுக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் கூலிதான், விழுந்திருந்தது. மழையில் நாள் முழுவதும் நின்றும் அரைப்பேர்! மறுபக்கம் அரிசி, மாவு, டோபி, பாபர், கோயில், சங்கச் சந்தா என்று கழிவுகள். கடைசி வரியில் இருந்த தொகையை வாசிக்க எனக்குக் குரல் எழவில்லை. என் அம்மாவும் அதே மாதிரிச் சீட்டைத்தான் மாதாமாதம் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார். வாசிக்கத் தெரிந்த மகன் வீட்டில் இருந்தும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. அந்த அக்கா அடுத்ததாகக் கேட்ட கேள்விக்குத்தான் மண்டபம் அசைந்தது. ஆணும் அதே மலையில்தான் நிற்கிறான், எனக்கு மட்டும் ஏன் பேர்க்காசு குறைவு?

அதற்குப் பிறகு எழுந்தவர் கண்டிக்குப் பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெரியவர். இப்போது தேயிலை நிற்கும் மலையில் தம் முன்னோர் காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்தார்கள், மாடு மேய்த்தார்கள் என்றார். 1840ஆம் ஆண்டுச் சட்டம் உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் பிரித்தானிய முடிக்குரிய நிலமாக்கியது. முடியிடமிருந்து தோட்ட முதலாளிகள் வாங்கினார்கள். காணியைப் பறித்தவன் வெள்ளைக்காரன், ஆனால் எங்கள் ஊரில் கோபம் முழுவதும் உங்கள்மேல்தான் இருந்தது, என்றார் அவர். ஒரு பிள்ளை வசனம் வசனமாகத் தமிழில் சொல்லச் சொல்ல அந்த அக்கா உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்: "எங்களுக்கும் அந்த மலையில ஒரு முழம் கிடையாதுங்கய்யா. காம்பராவே தோட்டத்தோடது." அதைச் சிங்களத்தில் கேட்ட பெரியவர் தலையைத் தலையை ஆட்டினார். சாப்பாட்டு வேளையில் இருவரும் ஒரே வாங்கில் அமர்ந்திருந்தார்கள். அவர் அக்காவின் பிள்ளைக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் அதற்கு மேல் அரசியல் கற்பிக்கவில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக வெடித்த கலவரம் எல்லாவற்றையும் குலைத்தது. நம் வகுப்புத் தோழர்கள் சிலர் குடும்பத்தோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் திரும்பவே இல்லை. பஸ்ஸில் ஏறித் தமிழில் பேசப் பயந்த காலம் அது. சத்தியோதயத்தில் சிங்களவரும் தமிழரும் சேர்ந்து உட்கார்ந்ததால் என்ன பயன் விளைந்தது என்று அப்போது சிலர் கசந்து கேட்டார்கள். அந்தக் கசப்பு நியாயமானது. ஆனாலும் அந்த வாங்கை என் கண்ணால் பார்த்திருந்ததால், எல்லாச் சிங்களவரும் ஒன்றுதான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அக்காவின் கேள்விக்கு 1984இல் விடை கிடைத்தது. தோட்டத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்த அந்த ஆண்டில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம நாட்சம்பளம் வந்தது. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்ற நிலையும் படிப்படியாகத் தீர்ந்தது. இவற்றையெல்லாம் சத்தியோதயம் ஒன்றே சாதித்தது என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளத்தை வென்றவர்கள் வேலையை நிறுத்திப் பட்டினி கிடந்த தொழிலாளர்கள். ஆனால் கேட்பது நியாயம் என்று அவர்களோடு சேர்ந்து உரக்கச் சொன்ன இடங்கள் மிகச் சிலவே. அவற்றில் அதுவும் ஒன்று.

அருட்தந்தை கஸ்பர்ஸ் 2017இல் காலமானார். மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டுகள் நிறைந்த 2023இல், முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து போனதைப் படங்களில் பார்த்தேன். துறவிகளும் தொழிலாளர்களும் மாணவர்களும் அதில் கலந்து நடந்தார்கள். வீட்டுக் காணியும் நியாயமான சம்பளமும் இன்னும் கோரிக்கையாகவே இருக்கின்றன. 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்கே 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்ததே!

நமது சங்கம் கல்லூரிக்குக் கணினிகளும் விளையாட்டுச் சாமான்களும் அனுப்புகிறது, நல்லது. அடுத்த பொதுக்கூட்டத்தில் நான் இன்னொன்றையும் முன்மொழியவிருக்கிறேன். ஒவ்வொரு தவணையிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உயர்தர வகுப்பு மாணவர்கள் தோட்டத்துத் தொழிலாளர்களோடும் பக்கத்துக் கிராமத்தவர்களோடும் அமர்ந்து பேச வேண்டும். மண்டபத்தைக் கல்லூரி தரும். வருகிறவர்களின் பஸ் காசு, மதியச் சாப்பாடு, இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த ஒருவருக்கான ஊதியம் ஆகிய மூன்றையும் சங்கம் ஏற்க வேண்டும். ஆதரிக்க விரும்புகிறவர்கள் கூட்டத்துக்கு முன்பே செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.