ராணி மேரிக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தது இப்படித்தான்

மார்க் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியில் பல பேர் இதைக் கேட்டதுமே பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள்.

2024 மே 6-ஆம் தேதி பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. எனக்கு 600-க்கு 478. தமிழ் 92, ஆங்கிலம் 59. ஆங்கில மார்க்கைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் முகம் வாடிவிட்டது. ஆனால் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் தரவரிசை போடும்போது 600-ஐ எடுப்பதில்லை. தமிழையும் ஆங்கிலத்தையும் விட்டுவிட்டு மீதி நான்கு பாடங்களை மட்டும் கூட்டி 400-க்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க். மற்ற எல்லாப் படிப்புக்கும் அந்த 400-தான். வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் சேர்த்து எனக்கு 327. மொத்த மார்க்கில் என்னைவிடக் கூட வாங்கிய ஒரு தோழி, இந்தக் கணக்கில் எனக்குக் கீழே இருந்தாள். அதனால் ரிசல்ட் வந்ததும் முதல் வேலையாக இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள்.

எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. அம்மா நர்சிங் போகச் சொன்னார். சித்தப்பா பி.காம். என்றார். "வரலாறு படிச்சிட்டு இன்னா பாப்பா பண்ணுவ?" என்று அப்பா கேட்டார். அவர் திட்டவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நானும் அதற்குத் தகுந்த மாதிரி உட்கார்ந்து பதில் சொன்னேன். அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் வரலாற்றுக்கு இருக்கிற இடம், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை, பி.எட். முடித்தால் ஆசிரியர் வேலை, தொல்லியல் படிப்பு, அருங்காட்சியகம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். 20 சதவீத முன்னுரிமைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும், 2020-இல் சட்டத்தைத் திருத்தி அப்படி ஆக்கினார்கள். நான் அப்படித்தான் படித்திருந்தேன் என்பதால் தமிழ்வழியை விடக் கூடாது என்று முடிவு பண்ணினேன்.

இதெல்லாம் அப்பாவுக்காகச் சொன்ன காரணங்கள். எனக்கென்று இருந்த காரணம் ஒரு கல்.

செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள், அதாவது சண்டையில் இறந்த வீரர்களுக்காக நட்ட கற்கள், நிறைய. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-லேயே இவற்றைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டிருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் எங்கள் வரலாற்று சார் எடுத்தனூர் நடுகல்லைப் பற்றி ஒரு பீரியட் முழுக்கச் சொன்னார். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஆட்சியின் 34-ஆம் ஆண்டில், வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல் அது. எருமைகளை மீட்கப் போன கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்துபோகிறான். அவனோடு இருந்த கோவிவன் என்ற நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துவிட்டுக் காவல் நிற்கிறது. கல்லில் அந்த நாயையும் செதுக்கி, பெயரையும் எழுதிவைத்திருக்கிறார்கள். ராஜாக்களின் பெயர்களை மனப்பாடம் செய்துதான் வரலாறு என்று நினைத்திருந்த எனக்கு, எங்கள் பக்கத்து மாட்டுக்காரனும் அவன் நாயும் 1400 வருஷமாக எழுத்தில் இருக்கிறார்கள் என்பது பெரிய விஷயமாகப் பட்டது. அந்த எழுத்தை நானே படிக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

எந்தக் கல்லூரி என்பதில் வீட்டில் ஒரு வாரம் பேச்சு ஓடியது. திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரிக்கு வீட்டிலிருந்தே போய்வரலாம். நான் சென்னை கேட்டேன். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், 1851-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம், அதை ஒட்டியே கன்னிமரா நூலகம் என்று வரலாறு படிக்கிறவளுக்கு வேண்டிய எல்லாம் ஒரே ஊரில் இருக்கிறது. மகளிர் கல்லூரி என்றதும் அப்பா பாதி இறங்கிவந்தார். அவருக்குப் பாதுகாப்பு ஒரு காரணம். எனக்கு ராணி மேரிக் கல்லூரியின் கதையே காரணம். 1914-இல் மெரினாவை ஒட்டி கேப்பர் ஹவுஸ் என்ற கட்டடத்தில் தொடங்கினார்கள். 1917-இல் ராணி மேரி என்று பெயர் வைத்தார்கள். டோரத்தி டி லா ஹே என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1936 வரை முதல்வராக இருந்து வளர்த்தார். 2003-இல் அந்த இடத்தில் தலைமைச் செயலகம் கட்ட இருந்தபோது மாணவிகள் வளாகத்தை விட்டு நகராமல் போராடி, கல்லூரியைக் காப்பாற்றினார்கள். தான் படிக்கும் இடத்தைத் தானே காப்பாற்றிக்கொண்ட பெண்கள் இருந்த கல்லூரியில் வரலாறு படிப்பதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்?

விண்ணப்பம் எல்லாம் ஆன்லைன்தான், அரசு கலைக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இணையதளம். பதிவுக்கு 2 ரூபாய், விண்ணப்பத்துக்கு 48 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான். நான் ராணி மேரியை முதலிலும், காயிதே மில்லத் மகளிர் கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி இரண்டையும் அடுத்தும், திருவண்ணாமலையைக் கடைசியிலும் போட்டேன்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் பிரவுசிங் சென்டரில்தான் அப்ளை பண்ணுகிறார்கள். அங்கே கூட்டம் அதிகம் என்பதால், ஓடிபிக்காகக் காத்திருக்காமல் சென்டர்காரர் தன்னுடைய செல் நம்பரையே போட்டுவிடுவார். என் வகுப்புப் பெண் ஒருத்திக்கு அப்படித்தான் நடந்தது. கலந்தாய்வுக்கு வரச்சொல்லிக் கல்லூரி அனுப்பிய செய்தி அந்த சென்டர்காரர் போனுக்குப் போய், நூற்றுக்கணக்கான செய்திகளுக்கு நடுவில் கிடந்தது. அவளுக்குத் தெரிந்தபோது தேதி முடிந்திருந்தது. நல்ல மார்க் எடுத்த பெண். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. உங்கள் வீட்டு நம்பர், உங்கள் மின்னஞ்சல், நீங்களே எழுதி வைத்திருக்கிற கடவுச்சொல், இந்த மூன்றையும் யாரிடமும் விட்டுக்கொடுக்காதீர்கள். அனுப்பும் பட்டனை அழுத்தும் முன், "அண்ணா, ஒரு தடவை நான் படிச்சுப் பார்த்துக்கறேன்" என்று கேட்டு, மார்க், சாதிப் பிரிவு, பிறந்த தேதி மூன்றையும் சரிபாருங்கள். அவர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

ஜூனில் தரவரிசைப் பட்டியல் கல்லூரி இணையதளத்தில் வந்தது. என் பெயருக்கு நேரே நான்கு இலக்க எண். அப்பா போனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை. எனக்கும் வயிற்றைக் கலக்கியது. எங்கள் வரலாற்று சாருக்குப் போன் பண்ணினேன். அவர்தான் விளக்கினார்: "அது காலேஜுக்கு மொத்தமா போட்ட ரேங்க்மா. உனக்கு முன்னாடி இருக்கறவங்க எல்லாம் ஹிஸ்டரி கேக்கறவங்க இல்ல. பாதிப் பேர் பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ்னு போயிடுவாங்க. மேல இருக்கறவங்க நாலு காலேஜுல போட்டிருப்பாங்க, எல்லாத்துலயும் போய்ச் சேரவா போறாங்க? உன் கம்யூனிட்டி ரேங்க் எவ்வளவுன்னு பாரு."

பார்த்தேன். நான் எம்.பி.சி. (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்). அந்தப் பட்டியலில் நிலைமை அவ்வளவு மோசமாக இல்லை. நூறு இடம் என்றால் 31 பொதுப்போட்டி, 26.5 பி.சி., 3.5 பி.சி. முஸ்லிம், 20 எம்.பி.சி., 15 எஸ்.சி., 3 அருந்ததியர், 1 எஸ்.டி. பொதுப்போட்டி இடங்களை எல்லாப் பிரிவினரும் மார்க் வரிசையில் எடுப்பார்கள். அது முடிந்த பிறகுதான் அவரவர் ஒதுக்கீட்டுக் கணக்கு ஆரம்பிக்கும். இதைப் பள்ளியில் பாடமாகப் படித்திருந்தோம். ஆனால் என் எண் எந்தக் கட்டத்தில் விழும் என்று விரல் வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

சிக்கல் அடுத்த வாரம் வந்தது. உள்ளூர்க் கல்லூரிக் கலந்தாய்வு முதலிலும், ராணி மேரி இரண்டு நாள் கழித்தும் விழுந்தன. உள்ளூரில் இடம் கிடைத்தது. ஆனால் சேர வேண்டுமென்றால் அசல் டி.சி.யை (மாற்றுச் சான்றிதழை) கொடுக்க வேண்டும். சென்னையில் கிடைத்தால் திரும்ப வாங்க முடியுமா என்று மேசையில் இருந்தவரிடம் கேட்டேன். எழுதிக் கொடுத்துக் கேட்கலாம், ஆனால் இரண்டு நாளில் கைக்கு வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். நேர்மையான பதில். அம்மா அழாத குறை. கையில் இருப்பதை விடுகிறாயே என்றார். வாசலில் இருந்த புங்க மரத்தடியில் உட்கார்ந்து நானும் அப்பாவும் பேசினோம். கம்யூனிட்டி ரேங்க்கைத் திரும்பக் காட்டினேன். முதல் கட்டத்தில் கிடைக்காவிட்டாலும் இரண்டாம் கட்டக் கலந்தாய்வு உண்டு, உள்ளூரில் வரலாற்றுக்கு அப்போதும் இடம் மிச்சமிருக்க வாய்ப்பு இருக்கிறது என்றேன். "சரி, வா" என்று எழுந்துவிட்டார். இந்த முடிவை எல்லோருக்கும் நான் சொல்ல மாட்டேன். உங்கள் ரேங்க் ஓரத்தில் நிற்கிறது என்றால் கிடைத்த இடத்தில் சேர்ந்துவிடுவதுதான் நல்லது.

ராத்திரி பஸ் பிடித்துக் கிளாம்பாக்கத்தில் விடிகாலையில் இறங்கினோம். அங்கிருந்து மாநகரப் பேருந்து. காமராஜர் சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்திருந்தார்கள், கடல் தெரியவே இல்லை, காற்று மட்டும் வந்தது. எட்டு மணிக்கே வாசலில் கூட்டம். கிருஷ்ணகிரி, விழுப்புரம், ராணிப்பேட்டை என்று அம்மாவோடும் பெரியம்மாவோடும் வந்த பெண்கள். ஒவ்வொருத்தர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

அந்த ஃபைலில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: விண்ணப்ப நகல், பத்து, பதினொன்று, பன்னிரண்டு மார்க் பட்டியல், அசல் டி.சி., சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், உங்கள் பெயரிலேயே இருக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படங்கள். எல்லாவற்றுக்கும் மூன்று செட் ஜெராக்ஸ். கல்லூரிக்கு வெளியே ஜெராக்ஸ் எடுக்க ஓடினால் உங்கள் எண்ணைக் கூப்பிடும்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள். இ-சேவையில் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் மே மாதக் கூட்டத்தில் இழுத்துக்கொண்டே போகும், அதனால் தேர்வு எழுதி முடித்த கையோடு போட்டுவிடுங்கள்.

அரங்கில் எண் வரிசையில் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை இடம் மிச்சம் என்று அவ்வப்போது மைக்கில் சொன்னார்கள். அந்த எண் குறையக் குறைய அரங்கமே அமைதியாகும். வரலாறு தமிழ்வழியில் எம்.பி.சி. இடங்கள் ஒற்றை இலக்கத்துக்கு வந்தபோது எனக்கு முன்னால் இன்னும் பலர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சிலர் பொருளியல் கேட்டார்கள், சிலர் வரவே இல்லை. சார் சொன்னது என் கண் முன்னாலேயே நடந்தது.

சான்றிதழ் பார்த்த பேராசிரியை தலையை நிமிர்த்திக் கேட்டார்: "ஹிஸ்டரிதான் வேணுமா, இல்ல வேற கிடைக்கலன்னு எடுக்கறியாம்மா?"

"ஹிஸ்டரிதான் மேடம். முதல்லயே அதான் போட்டேன்."

"எந்த ஊரு?"

"செங்கம் பக்கம் மேடம்."

"நடுகல் ஊரா?" என்றார். எடுத்தனூர் கல்லைப் பற்றிச் சொன்னேன். கோவிவன் பெயரைச் சொன்னதும் பக்கத்து மேசையில் இருந்த இன்னொரு மேடமும் திரும்பிப் பார்த்தார். "சரி, அது மகேந்திரவர்மன் காலம்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். ஆட்சி ஆண்டு கல்லிலேயே இருக்கிறது என்றேன். "அந்த ஆட்சி ஆண்டை கி.பி.யா எப்படி மாத்துவாங்க?" அது எனக்குத் தெரியவில்லை, தெரியாது மேடம் என்றேன். "அதைத்தான் இங்க படிக்கப் போற" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கலந்தாய்வில் இப்படி எல்லோரிடமும் கேட்பதில்லை, இடம் மார்க்கை வைத்துத்தான். இருந்தாலும், வரலாறு கேட்டதற்காக யாரும் பரிதாபமாகப் பார்க்காத முதல் மேசை அதுதான்.

கட்டணம் சில ஆயிரத்துக்குள் முடிந்தது. தங்குவதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரி விடுதி ஒன்று, பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையும் ஆதிதிராவிடர் நலத் துறையும் நடத்தும் மாணவியர் விடுதிகள் இன்னொன்று. சேர்க்கை ரசீது கைக்கு வந்த அன்றைக்கே இரண்டுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எனக்கு நலத் துறை விடுதி கிடைக்கும்வரை ஒரு அத்தை வீட்டில் இருந்தேன்.

கடைசியாக, புதுமைப் பெண் திட்டம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருக்கிறது. வரலாறு படிக்கிற நாம் அவரைப் பற்றியும் தேடிப் படிக்க வேண்டும். விண்ணப்பம் கல்லூரி மூலமாகத்தான், நீங்கள் தனியாக எங்கேயும் அலைய வேண்டாம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எந்தப் பள்ளி என்பதற்கான சான்றும், பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் கொடுத்திருக்கும் எமிஸ் எண்ணும் கேட்பார்கள், பள்ளியில் டி.சி. வாங்கும்போதே அவற்றையும் வாங்கிவிடுங்கள். எங்கள் வகுப்பில் சிலருக்கு முதலில் பணம் ஏறவில்லை, வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காததுதான் காரணம். வங்கிக்கு ஒரு நடை போய் அதைச் சரிசெய்த பிறகு வந்துவிட்டது.