கூறைக்கு ஒரு கண்டாங்கி

"முகூர்த்தத்துக்கா?" என்று கடைக்காரர் இரண்டாம் முறை கேட்டபோதும், அண்ணன் மகள் அந்த அரக்குநிறக் கண்டாங்கிச் சேலையை மடியிலிருந்து இறக்கவில்லை.

பட்டு இல்லை, சரிகை இல்லை. காரைக்குடிப் பருத்தி, உடல் முழுக்கக் கட்டம், ஒரு சாண் அகலத்துக்குக் கரை. கஞ்சியின் மொடமொடப்புப் போகாத முந்தானையை அவள் விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

அண்ணிக்குத்தான் முகம் வாடிவிட்டது. சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற கவலை.

கூறைப்புடவைக்குப் பெயர்போன மயிலாடுதுறைக் கூறைநாட்டுத் தறிகளிலேயே பட்டோடு பருத்தியையும் சேர்த்துத்தான் கட்டம் போட்டு நெய்தார்கள் என்பதையும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கண்டாங்கியைச் செட்டிநாட்டு ஆச்சிமார் விரும்பி உடுத்தினார்கள் என்பதையும் நினைக்கும்போது, முழுப்பட்டுதான் மணப்பெண்ணுக்கு முறை என்று நாம் எப்போது முடிவுசெய்தோம் என்று வியப்பாக இருக்கிறது.

ரவிக்கைக்கு மட்டும் அண்ணி பட்டுத் துணி எடுத்தார்.